சாத்தப்பன்: பேரனுக்கு ஐயா பெயரை எந்த வழியில் வைப்பது?

தம்பிக்கு ஆவணியில் ஆண் குழந்தை பிறந்தது. தலைப்பிள்ளை. நாங்கள் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். எங்களுக்கு அப்பச்சி என்றால் அப்பா, ஆத்தா என்றால் அம்மா, ஐயா என்றால் தாத்தா, ஆச்சி என்றால் அக்கா. எங்கள் வழக்கத்தில் மூத்த மகனுக்கு அப்பச்சியைப் பெற்ற ஐயாவின் பெயர், இரண்டாவது மகனுக்கு ஆத்தாவைப் பெற்ற ஐயாவின் பெயர். ஆக, தம்பி மகனுக்கு வர வேண்டியது எங்கள் அப்பச்சியின் பெயர்: சாத்தப்பன்.

போன வாரம் தம்பி போனில் கேட்டான். "ஆச்சி, பேரு சாத்தப்பன்தான், அதுல மாத்தமில்ல. ஆனா சர்ட்டிபிகேட்ல என்ன எழுதுறது?"

கேள்வி சின்னதுதான். ஆனால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இன்றைக்குப் பிள்ளை பிறந்த பல வீடுகளில் இதே கேள்வி ஓடுகிறது. சிலருக்கு நாச்சியப்பன், சிலருக்கு ஆவுடையப்பன், சிலருக்குச் சேவுகன். எங்கள் வீட்டில் சாத்தப்பன். சொந்தத்தில் நான் பார்த்த அளவில் நான்கு வழிகளில் இதைத் தீர்த்துக்கொள்கிறார்கள். பதிவிலும் பள்ளியிலும் சாத்தப்பன் என்றே எழுதுவது ஒன்று. பதிவில் புதுப்பெயர், கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஐயா பெயர் என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து 'ஆதவ் சாத்தப்பன்' என்று எழுதுவது மூன்றாவது. 'சாத்தன்' என்று சுருக்கிக்கொள்வது நான்காவது.

எனக்கு இதில் ஓர் அக்கறை இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரே மகன். அவனுக்கு என் மாமனார் பெயர் வைத்தோம், அதுதான் முறை. இன்னொரு மகன் பிறந்திருந்தால் எங்கள் அப்பச்சி பெயர் என் வீட்டுக்கும் வந்திருக்கும். வரவில்லை. இந்தத் தலைமுறையில் அந்தப் பெயருக்குக் கிடைத்திருப்பது இந்த ஒரு குழந்தைதான்.

வழிகளை எடைபோடும் முன், பெயரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தம்பி பெண்டாட்டிக்கு இந்தப் பெயர் 'ஏதோ பழைய பெயர்'. அவள் மேல் குறையில்லை. எங்களுக்கே யாரும் சொல்லித் தந்ததில்லை.

சாத்தப்பனின் வேர் சாத்தன். தமிழில் இதைவிடப் பழகிய ஆண் பெயர் ஒரு காலத்தில் குறைவு. தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள் எடுத்துக்காட்டுக்கு ஒரு மனிதனின் பெயர் வேண்டும் என்றால் சாத்தனையும் கொற்றனையும்தான் கூப்பிடுவார்கள். நாம் இன்று ராமன், சோமு என்று சொல்வதுபோல. மணிமேகலை எழுதியவர் சீத்தலைச் சாத்தனார். கோவலனின் தந்தை மாசாத்துவான், புகார் என்ற காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர். சாத்து என்றால் பொதிமாட்டோடும் வண்டியோடும் கூட்டமாகச் செல்லும் வணிகர் குழு. மாசாத்துவான் என்றால் அப்படிப்பட்ட பெருங்கூட்டத்தின் தலைவர். நகரத்தார் தாங்களும் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்றுதான் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அந்த ஊர் வணிகர் பெயரின் சாயல் இன்னும் நம் வீட்டில் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு பூரிப்பு.

இன்னொரு பக்கம், சாத்தன் என்பது ஐயனாருக்கும் பெயர். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் ஊர் எல்லையில் மண்குதிரைகள் வரிசையாக நிற்க உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். வணிகக் கூட்டத்துக்கும் வழித்துணைத் தெய்வத்துக்கும் ஒரே சொல் பொருந்தி வந்தது எனக்கு அழகாகத்தான் படுகிறது.

புறநானூற்றில் 242ஆம் பாட்டு ஒரு சாத்தனுக்கான கையறுநிலை, அதாவது இறந்தவனுக்காக இரங்கும் பாட்டு. குடவாயில் கீரத்தனார் பாடியது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்துபோனான். இனி இளைஞர்கள் பூச்சூட மாட்டார்கள், பெண்கள் பறிக்க மாட்டார்கள், பாணனும் பாடினியும் அணிய மாட்டார்கள். வல்வேல் சாத்தன் போன பிறகும் முல்லையே நீ பூக்கிறாயா என்று கேட்கிறது அந்தப் பாட்டு. ஒல்லையூர் என்பது புதுக்கோட்டை மாவட்டத்து ஒலியமங்கலம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். எங்கள் வட்டாரத்துக்கு வெகு தூரமில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்துக்கொண்ட செய்தி ஒன்று உண்டு. எகிப்தில் செங்கடல் ஓரம் குசேர் அல்-காதிம் என்று ஒரு பழைய துறைமுகம். அங்கே தோண்டியபோது தமிழ் பிராமி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒன்றில் கணன், இன்னொன்றில் சாதன். சாதன் என்பது சாத்தன்தான், அக்கால எழுத்து முறை அப்படி. கடல் கடந்து போன ஒருவன் தன் பானையில் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான். அவன் யார், எந்த ஊர், எதுவும் நமக்குத் தெரியாது. பெயர் மட்டும் இருக்கிறது. தம்பிக்கு நான் சொன்ன யோசனையின் அடிப்படையே இந்த ஓடுதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

சாத்தனோடு 'அப்பன்' சேர்ந்தது செட்டிநாட்டுப் பாணி. மெய்யப்பன், தேனப்பன், வள்ளியப்பன், நாகப்பன் என்று எங்களிடம் அப்பன்கள் வரிசையாக உண்டு. பெண்களுக்கு மெய்யம்மை, தேனம்மை, வள்ளியம்மை.

இப்படி வேர்விட்ட பெயர் ஏன் அருகிப்போனது? 'பேஷன் மாறிவிட்டது' என்பது பாதிப் பதில். எங்கள் பக்கம் இந்தப் பெயர்களைப் பெரும்பாலும் யாரும் விரும்பித் தேர்ந்தெடுத்ததில்லை. முறை வந்தது, வைத்தார்கள். பெயர் நிலைத்தது பிள்ளைகளின் எண்ணிக்கையால். கவிஞர் கண்ணதாசன் சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்தார். அவர் தந்தையின் பெயர் சாத்தப்பன். அவர் எட்டாவது குழந்தை, பிறந்தபோது வைத்த பெயர் முத்தையா. எட்டுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எல்லா முன்னோருக்கும் ஒரு பேரன் கிடைத்துவிடுவான். ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்று ஆனபின் தாய்வழி ஐயாவின் பெயர் வரிசையில் நின்றபடியே போய்விடுகிறது. என் வீட்டில் நடந்தது அதுதான்.

அப்புறம் சொந்த ஊரைவிட்டுச் சிதறியது. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது அங்கே கொண்டுவிற்ற தொழிலும் (வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில்) சொத்தும் போய்த் திரும்பியவர்கள், அடுத்த தலைமுறையில் சென்னை, கோவை என்று வேறு வேறு ஊர்களில் வேலைக்குப் போனார்கள். ஊரில் இருந்தவரை பத்துப் பேருக்குச் சாத்தப்பன் என்று பெயர் இருந்தாலும் விலாசத்தை, அதாவது பெயருக்கு முன் நிற்கும் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை, சொன்னால் போதும், ஆள் தெரிந்துவிடும். நகரத்துப் பள்ளிக்கூடத்தில் அந்த விலாசம் செல்லாது. அங்கே பெயர் தனியாக நின்றாக வேண்டும்.

தனியாக நின்றபோது இந்தப் பெயருக்கு ஓர் இடைஞ்சல் வந்தது. தமிழ் விவிலியத்தில் 'சாத்தான்' என்று ஒரு சொல். எபிரேய மொழியில் எதிராளி என்று பொருள். நம் சாத்தனுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் நடுவே ஒரு கால்தான் வித்தியாசம். குட்டிச்சாத்தன் என்று மலையாள நாட்டில் கும்பிடும் தெய்வம், தமிழ்ப் பேச்சில் சேட்டை செய்யும் குட்டிப் பேயாகிவிட்டது. அதுவும் கால் ஏறி 'குட்டிச்சாத்தான்'. பிள்ளைகளுக்குக் கேலி செய்ய இது போதாதா?

வீட்டுக்குள்ளும் ஒரு காரணம் உண்டு. இந்தப் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்க மாட்டார்கள். கணவர் பெயர், மாமனார் பெயர் சொல்லக்கூடாது. எங்கள் ஆத்தாவுக்கு அப்பச்சி பெயர் மட்டும் இல்லை, அந்த ஒலியே வராது. முகப்புக் கதவை 'மூடி வைங்கப்பா' என்பார், ஒருநாளும் 'சாத்துங்க' என்றதில்லை. சாமிக்கு மாலை 'போடணும்', அவ்வளவுதான். சாத்துக்குடி வாங்கிவரச் சொல்ல வேண்டுமானால் 'சாறு பிழியிற பழம்'. நான் கல்யாணமாகிப் போன இடத்தில் எல்லோரும் சாதாரணமாகக் 'கதவைச் சாத்து' என்றபோது முதல் சில நாள் எனக்குத் திக்கென்று இருந்தது. மரியாதையால்தான் இப்படி. ஆனாலும் மரியாதை கொடுத்துக் கொடுத்தே ஒரு பெயரைக் காதில் விழாமல் ஆக்கிவிட்டோம். பேரனுக்கு ஐயா பெயரை வைத்துவிட்டு, அதைச் சொல்ல முடியாமல் 'தம்பி', 'ராஜா', 'ஐயா' என்று கூப்பிடுவது அதனால்தான்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

சாத்தன் என்ற சுருக்கத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். சங்கப் பாட்டில் படிக்கும்போது எனக்குக் கண்ணீர் வரும் பெயர்தான். ஆனால் மேலே சொன்ன ஒரு கால் வித்தியாசம் இதில்தான் முழுதாகத் தாக்கும், ஆங்கில எழுத்தில் இன்னும் மோசம். அதோடு, ஐயாவின் பெயர் சாத்தன் இல்லையே. 'அப்பன்' போனால் அது வேறு யாருடைய பெயரோ ஆகிவிடும்.

பதிவில் புதுப்பெயர், கோவிலுக்கு மட்டும் ஐயா பெயர் என்பதுதான் இப்போது அதிகம் நடக்கிறது. யார் மனமும் நோகாது, பள்ளியில் கேலி இல்லை, பெரியவர்களுக்கும் நிறைவு. தம்பியும் முதலில் இந்தப் பக்கம்தான் சாய்ந்தான். நான் சில வருடத்துக்கு முன் பார்த்த ஒரு கல்யாணத்தைச் சொல்கிறேன். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை இன்னார் 'என்கிற' இன்னார் என்று போட்டிருந்தார்கள். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) எல்லோரும் உட்கார்ந்திருக்க, இசைகுடிமானம் என்ற எங்கள் திருமணப் பத்திரத்தை எழுதும் பெரியவர் மாப்பிள்ளையின் ஐயா பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார். மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றுகொண்டு திரும்பிப் பார்க்கவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. மூன்றாம் முறை அவனுடைய ஆத்தா தோளைத் தொட்டுத் திருப்பினார். அந்தப் பெயரை அவன் வாழ்நாளில் நாலு முறை கேட்டிருந்தால் அதிகம். அவனுக்குப் பிறக்கும் பேரனுக்கு எந்தப் பெயர் போகும்? நிச்சயம் இது போகாது. முறை தொடர்வதுபோல் தோற்றம் இருக்கும், பெயர் ஒரு தலைமுறையில் நின்றுவிடும்.

சேர்த்து எழுதுவது, 'ஆதவ் சாத்தப்பன்', நியாயமான சமரசம். ஆதவ் என்பது தம்பி பெண்டாட்டி ஆசையாகத் தேர்ந்த பெயர். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த வழியைத்தான் நானே சொல்வேன். அங்கே வகுப்பில் கூப்பிட ஒரு சின்னப் பெயர் தேவைப்படுகிறது, பதிவில் இருக்கும் பெயரையேதான் கூப்பிடுவார்கள். ஆனால் இங்கே என்ன நடக்கிறது? என் கொழுந்தனார் வீட்டில் இப்படிச் சேர்த்துத்தான் வைத்தார்கள். பள்ளி அடையாள அட்டையில் இடம் போதாமல் இரண்டாவது பெயர் ஒற்றை எழுத்தானது. ஐந்தாம் வகுப்பில் கேட்டால் அந்த எழுத்துக்கு என்ன விரிவு என்று பிள்ளை யோசித்துத்தான் சொன்னான்.

ஒற்றை எழுத்தாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய இடத்துச் சாட்சியே உண்டு. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் முதலெழுத்துகள் எஸ்.ஆர்எம்.எம். அதில் எம் என்பது அவர் தந்தை முத்தையா, ஆர்எம் என்பது ராமநாதன். முதலில் நிற்கும் எஸ்தான் சாத்தப்பன். முத்தையா என்ற பெயர் முறைப்படி அவருடைய மகனுக்கு வந்து, ராஜா சர் முத்தையா செட்டியார் என்று ஊரறிய வாழ்ந்தது. எஸ் எழுத்தாகவே இருந்துவிட்டது. அது சாத்தப்பன் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இதே காரணத்தால், 'பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் சாத்தப்பனைப் போட்டுவிட்டால் போதாதா' என்ற யோசனையையும் நான் ஏற்கவில்லை. தம்பியின் பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே அது அப்படித்தான் இருக்கிறது. கட்டத்தை நிரப்பியது, அந்தப் பெயரால் யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை.

மிஞ்சுவது முதல் வழி. பதிவிலும் பள்ளியிலும் சாத்தப்பன். வீட்டில் ஆதவ்.

அதாவது இப்போது எல்லோரும் செய்வதை அப்படியே தலைகீழாக்குவது. யோசித்துப் பார்த்தால் நம் பழைய முறையே இதுதான். ஐயா பெயரை எழுத்தில் வைத்தார்கள், வாயில் வேறு பெயரை வைத்துக் கூப்பிட்டார்கள். வாயில் இருப்பது எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம் என்ற சுதந்திரத்தை முறையே கொடுத்திருக்கிறது. எழுதிய பெயர்தான் நிற்கும். செங்கடல் ஓரத்துப் பானை ஓட்டில் எழுதியிருந்ததால்தான் அந்தச் சாத்தனை இன்று நாம் பேசுகிறோம். அவனை அவன் ஆத்தா என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று யாருக்கும் தெரியாது.

இந்த மாதம் ஊருக்குப் போனபோது ஆத்தா இரண்டாம் கட்டு அறையைத் திறந்து குழந்தைக்கென்று சில சாமான்களை எடுத்து வைத்தார். அப்பச்சி குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய வெள்ளிச் சங்கு ஒன்று. கறுத்துக் கிடந்தது. விபூதி போட்டுத் தேய்த்தேன். அடிப்பக்கம் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து தெரிந்தது: மெ. சா. மெய்யப்பன் மகன் சாத்தப்பன். தம்பிக்கு ஐயா பெயரான மெய்யப்பன்தான் வைத்திருக்கிறது. ஆக அவன் மகனுக்கும் அதே மெ. சா. ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம். பித்தளை அண்டா, எவர்சில்வர் தூக்கு, எல்லாவற்றிலும் அதே இரண்டு எழுத்து. ஒன்றுவிட்டு ஒன்று பெயர் வரும் முறையின் அழகை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கையில் பிடித்தது அன்றைக்குத்தான்.

இந்த வழியில் குறைகள் இல்லாமல் இல்லை. அந்த மெ. சா. பொருத்தமே பட்டாவில் தலைவலி. ஐயாவும் பேரனும் 'மெய்யப்பன் மகன் சாத்தப்பன்'. பங்கு வீடும் பொதுச் சொத்தும் உள்ள எங்களைப் போன்ற குடும்பங்களில் நாளைக்குப் பத்திரத்தில் யார் எவர் என்று குழப்பம் வரும். இனி எழுதும் ஒவ்வொரு ஆவணத்திலும் வயதையும் ஆதார் எண்ணையும் தவறாமல் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேலியைப் பற்றி அப்பச்சியிடமே கேட்டேன். எண்பதை நெருங்குகிறவர், ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் யோசித்தார். "பள்ளிக்கூடத்துல வாத்தியார் கதவைச் சாத்தச் சொன்னா எல்லாப் பயலும் என்னையத் திரும்பிப் பாப்பான். ரெண்டு வருசம் பாத்தானுக. அப்புறம் விட்டுட்டானுக" என்றார். பிறகு, "உங்களுக்குச் சிரமமா இருந்தா வேற பேரே வைங்க, எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். அவர் மனதார அப்படிச் சொன்னதுதான் எனக்கு இந்தப் பெயர் மேல் பிடிவாதத்தைக் கொடுத்தது. பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது மாசாத்துவான் கதையையும் பானை ஓட்டுக் கதையையும் நான் சொல்லித் தருவேன். கேலி செய்கிறவனிடம் சொல்ல அவன் கையில் ஒரு பதில் இருக்கும்.

நடைமுறையில் மூன்றைக் கவனியுங்கள். பிறப்புப் பதிவில் குழந்தை பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை. அவசரப்பட்டு ஏதோ ஒன்றை எழுதிவிட்டால் பிறகு அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும், ஆகவே நிதானமாக முடிவெடுங்கள். அடுத்தது, ஆங்கில எழுத்துக்கூட்டு. எண் கணிதத்துக்காக ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்வார்கள். அப்பனுடைய பாஸ்போர்ட்டில் சாத்தப்பன் எப்படி இருக்கிறதோ, எழுத்து பிசகாமல் அப்படியே எழுதுங்கள். கடைசியாக, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தது. அப்பன் பெயரை அங்கே போட்டு 'சாத்தப்பன் மெய்யப்பன்' என்று எழுதினால் தீர்ந்தது.

தம்பி பெண்டாட்டிக்கு ஒரே ஒரு தயக்கம்தான் மிச்சம் இருந்தது. வீட்டில் ஆதவ் என்று கூப்பிட்டால் ஆத்தா மனது கஷ்டப்படுமோ என்று. அவளே போய்க் கேட்டுவிட்டாள். ஆத்தா குழந்தையை மடியில் போட்டுச் சங்கில் பால் புகட்டிக்கொண்டிருந்தாராம். "அந்தப் பேரு எனக்கு வாயில வராது ஆத்தா. நீ வச்ச பேரச் சொல்லித்தான் நானும் கூப்பிடணும்" என்றாராம்.